சொல்லச் சொல்ல எழுதுபவர்கள்

அக்டோபர் 7, செவ்வாய்

இசக்கிமுத்துவுக்கு இன்று காலை வரலாற்றில் இடைப்பருவத் தேர்வு. அவன் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டியவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. தேர்வு முடியப் போகிற நேரத்தில் எடுத்து, "தூங்கிட்டேன்க்கா" என்றான். ஒருவன் பாடம் முழுவதையும் தலைக்குள் வைத்துக்கொண்டு கல்லூரிப் படியில் உட்கார்ந்திருக்கிறான். இவர் தூங்கிவிட்டாராம்.

நான் ஆட்டோ பிடித்துப் போனேன். போய் என்ன செய்ய? நானே எழுதிக்கொடுக்க முடியுமா? அவனைப் போலவே எனக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. அறைக் கண்காணிப்பாளர் "விதி அப்படிம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். விதி என்றால் எந்த விதி என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இசக்கி அழுது முடித்திருந்தான். மூக்கு அடைத்த குரல். "ஒரு பொண்ணு வந்து பேச்சுக் குடுத்தாக்கா. தன்மையாத்தான் பேசினா" என்றான். யார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் இந்த மையத்தில் என் வேலையே இதுதான், பரீட்சை எழுத ஆள் தேடுவது. பார்வையற்ற பதினான்கு பிள்ளைகள், அடுத்த மாதம் செமஸ்டர். முன்பெல்லாம் ரிட்டையரான டீச்சர்கள் வருவார்கள். இப்போது அவர்களுக்குக் கை நடுங்குகிறது.

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. பெங்களூர், துபாய், யாரோ சிங்கப்பூர். "அந்தப் பையனுக்கு எப்படி உதவலாம்?" எழுத வாருங்கள் என்றால், "நான் இங்க இருக்கேனே மேடம், ஷேர் பண்ணியிருக்கேன்" என்கிறார்கள்.

படியில் பேச்சுக் கொடுத்த பெண் கையில் போன் இருந்திருக்கிறது. பெயர் ஃபர்ஹானா. மேலப்பாளையம், இன்ஜினியரிங் கடைசி வருடம், இன்ஸ்டாகிராமில் கூட்டம் வைத்திருப்பவள். வீடியோவைக் கேட்டேன். "எனக்குப் பதில் தெரியும். எழுதத்தான் ஆள் இல்ல" என்று இசக்கி சொல்லும் இடத்தில் குரல் உடைகிறது. அந்த இடத்தில் வயலின் போட்டிருக்கிறாள்.

கீழே வந்த கருத்துகளையும் போன் எனக்கு வாசித்துக் காட்டியது. திரையில் இருப்பதையெல்லாம் அது வாய்விட்டுச் சொல்லும், பொம்மைகளைக்கூட விடாது. "அழும் முகம், அழும் முகம், அழும் முகம். கூப்பிய கைகள். உடைந்த இதயம்." ஒரு மணி நேரம் இப்படி. அத்தனை கூப்பிய கைகளில் ஒரு கையாவது பேனா பிடித்தால் தேவலை.

அம்மா அடைத் தோசை ஊற்றினாள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 10

இசக்கி மையத்துக்கு வந்தான்.

"எங்க ஊரு டீக்கடையில எல்லாரும் பாத்திருக்காவக்கா. ஒம் பையன் பாவம்னு அப்பாட்ட சொல்லியிருக்காவ. அப்பா ரெண்டு நாளா கடைக்கே போகல. நான் பரீட்ச எழுத முடியலன்னுதான் அழுதேன். பாவம்னு சொல்லுதுக்கா அழுதேன்?"

"சரிடா."

"அத எடுக்கச் சொல்லுங்கக்கா."

சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 11, சனி

ஃபர்ஹானா வந்தாள். வாசலிலேயே "அக்கா, நீங்கதான் சுகிர்தா அக்காவா? ஒங்களப் பத்தியும் ஒரு வீடியோ..." என்று தொடங்கினாள்.

"முதல்ல உட்காரு. அவன்கிட்ட கேட்டுட்டா எடுத்த?"

உட்கார்ந்தாள்.

"கண்ணு தெரியாதவன் முன்னாடி போனைத் தூக்கிப் பிடிச்சா அவனுக்கு எப்படித் தெரியும்? இதுக்குப் பேரு திருட்டு."

"நான் காசுக்காகப் பண்ணலக்கா. கோவத்துலதான் போட்டேன். அந்தக் காலேஜ்ல ஒருத்தர்கூட அவர்கிட்ட என்னன்னு கேக்கல."

"நீ கேட்டுட்டாயாக்கும்."

"எடுத்துருதேன்க்கா. இப்பவே எடுத்துருதேன். ஆனா அதுக்குக் கீழதான் பேர் குடுக்கச் சொல்லியிருக்கேன். நம்ம திருநெல்வேலியில மட்டும் அறுநூறு பேருக்கு மேல குடுத்திருக்காங்க. இன்னும் வருது."

மையத்தின் செயலாளர் தேவசகாயம் சாரும் அறையில் இருந்தார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட சத்தத்திலேயே, ஆசைப்பட்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அறுநூறா? சுகிர்தா, நமக்கு ஆறு பேர் கிடைக்காம அலையறோம். பரீட்சை முடியட்டுமே" என்றார்.

ஃபர்ஹானா என்னைக் கேட்டாள். "நீங்க என்ன சொல்லுதீங்கக்கா?"

பதினான்கு பிள்ளைகள். நான் வேறு என்ன சொல்வது? பரீட்சை முடிந்ததும் எடுத்துவிடு என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வெட்கம் கிடையாது.

அக்டோபர் 13

இசக்கி போன் செய்தான். "எடுத்தாச்சாக்கா?" "பேசியிருக்கேன்" என்றேன். பேசியிருக்கிறேன் என்பது உண்மைதான்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டாம் நாள்.

அக்டோபர் 25, சனி

பயிற்சி நாள். எங்கள் கிறிஸ்தவ சபையின் மண்டபத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தோம். அறுநூறில் எழுபது பேர் வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாகக் கூடி நின்று படம் எடுத்தார்கள். எங்கள் மாணவி மாரிசெல்வியை நடுவில் நிறுத்தப் பார்த்தார்கள். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள்.

நான் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். சார் தாள்களை வாங்கி வாசித்தார். 'பாளையக்காரர்களின் கிளர்ச்சி' என்பதை ஒரு பிள்ளை 'பாலயக்காறர்கலின் கிலர்ச்சி' என்று எழுதியிருந்தது. இன்னொருவன் பாதியில் கை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டான். ஃபர்ஹானாவின் தாளில் வரிக்கு வரி சார் தடுக்கி நின்றார். இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் போன் தமிழாக்கிக் கொடுத்துவிடுகிறது. பேனா அப்படிக் கொடுக்குமா?

கேட்டேவிட்டேன். "தமிழுக்காகச் சண்டை போடுற பதிவெல்லாம் யார் எழுதுறது? நீங்களா, போனா?"

ஒருவன் எழுந்தான். ஜெரின் என்று பெயர் சொன்னான். "நாங்க உதவி பண்ணத்தானே வந்தோம்? இப்படியா பேசுவீங்க?"

"உதவி வேண்டாம். எழுதத் தெரிஞ்ச கை வேணும். உங்க கையில போன்தான் இருக்கு. அதை வெச்சுட்டு வாங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க."

போனார்கள். நாற்காலி நகரும் சத்தம் வெகுநேரம் கேட்டது. போகிறவர்களை நிறுத்த எனக்கு என்ன தலையெழுத்தா?

அக்டோபர் 27

நான் பேசியதை யாரோ பதிவு செய்து போட்டுவிட்டார்கள். இப்போது அழும் முகமெல்லாம் கோப முகமாகிவிட்டது. "சேவை செய்யற இடத்துல இவ்வளவு திமிரா?" "பார்வை இல்லன்னா என்ன வேணா பேசலாமா?" இதையும் போன் எனக்கு ஒன்றுவிடாமல் வாசித்தது.

போட்டது ஃபர்ஹானாதான். வேறு யாருக்கு இந்த வேலை?

சார் சொன்னார்: "கொஞ்சம் அன்பாப் பேசியிருக்கலாம்." அன்பாகப் பேசிப் பேசித்தான் வருடா வருடம் ஒருவன் தூங்கிப்போகிறான்.

அக்டோபர் 28

பயிற்சிக்கு வந்தவர்களில் நாற்பது பேர் பட்டியலிலிருந்து விலகிவிட்டார்கள். மழை.

நவம்பர் 1, சனி

ஃபர்ஹானா இன்னும் வருகிறாள். ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம். மையத்தின் பின்னறையில் இசக்கி சொல்ல, அவள் எழுதுகிறாள். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுகிறாள்.

"அதிகாரத்துக்கு எந்த 'ர'?"

"சின்ன ர."

"பெரிய ற எப்ப வரும்?"

"காற்றுக்கு. மாற்றத்துக்கு. நீங்க எப்படித்தான் இன்ஜினியரிங் வரைக்கும் வந்தீங்க?"

"அங்க தமிழே இல்லல்லா."

சிரிப்புச் சத்தம். ஆடியோவைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளை வேஷம். நான் கதவைச் சாத்தச் சொன்னேன், சத்தமாக இருக்கிறதென்று.

நவம்பர் 3, திங்கள்

விடுதியில் யாரோ இசக்கியிடம் சொல்லியிருக்கிறார்கள், வீடியோ அப்படியேதான் இருக்கிறது, ஐந்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று. அவன் ஃபர்ஹானாவைக் கேட்டிருக்கிறான். அவள் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

என் மேஜைக்கு வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பரீட்ச முடியட்டும்னு நீங்கதான் சொன்னீங்களாக்கா?"

"ஒனக்காகத்தான்டா. ஒங்க பதினாலு பேருக்காகத்தான்."

"என்னக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

கோலைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். படிக்கட்டு வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது வயதில் எல்லாம் எளிதாகத்தான் தெரியும். ஆள் கிடைக்காமல் ஒரு வருடம் போனால் யாரிடம் வந்து நிற்பான்?

சாப்பிடும்போது அம்மா, "என்ன முகமே சரியில்ல" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 4

ஃபர்ஹானா வீடியோவை எடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேர் கொடுத்தவர்களோடு இருந்த ஒரே தொடர்பு அதுதான். பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கிறது. இதுதான் பொறுப்பு.

அவள் எடுத்ததற்கும் இப்போது ஏசுகிறார்களாம். பயந்துவிட்டாயா, விலைபோய்விட்டாயா என்று. நன்றாக ஏசட்டும்.

நவம்பர் 6, வியாழன்

பயிற்சிக்கு வந்த எழுபது பேரையும் அவள் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டிருக்கிறாள். பதிவு கிதிவு இல்லை, நேராகக் கூப்பிட்டுப் பேச்சு. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துதான் பேசினாள்.

"இல்ல, வீடியோ எதுவும் எடுக்க மாட்டோம். சர்டிபிகேட்டும் கிடையாது. சனிக்கிழம வாங்க. அவங்கதான் ஒங்களத் தேர்ந்தெடுப்பாங்க. ஆமா, அவங்கதான். நீங்க இல்ல."

அவங்க என்றால் எங்கள் பிள்ளைகள். இசக்கியின் யோசனையாம். யாருக்கு யார் எழுதுவது என்று இத்தனை வருடம் பிரித்துக் கொடுத்தவள் நான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நடுவில் அவளிடம் கேட்டேன். "இவ்வளவும் செய்யற. என் பேச்சைப் பதிவு பண்ணி எதுக்குப் போட்ட?"

"நான் போடலக்கா. ஜெரின் போட்டான். அவனும் சனிக்கிழம வாறான்."

"அவனை எதுக்குக் கூப்பிட்ட?"

"அவன் கை வேகமா எழுதும்."

நவம்பர் 8, சனி

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு அவர்களைக் கேள்வி கேட்டார்கள். நான் ஓரமாக இருந்தேன்.

மாரிசெல்வி அந்த ஜெரினைக் கேட்டாள். "நான் சொல்லுத பதில் தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுதுன்னு வைங்க. என்ன பண்ணுவீங்க?"

"திருத்தி எழுதுவேன்."

"அப்ப நீங்க எழுதுன பரீட்சையாயிரும். நான் எழுதுனதா ஆகாதுல்லா?"

"சரி. தப்பாவே எழுதுதேன்" என்றான்.

அதே கேள்வியை இசக்கி ஃபர்ஹானாவிடம் கேட்டான். அவள், "மனசுக்குள்ள ஒங்களத் திட்டிக்கிட்டே தப்பா எழுதுவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளையே எடுத்துக்கொண்டான்.

மாரிசெல்வி ஜெரினை எடுத்தாள். நான் தடுத்தேன். "அவனுக்கு ல, ள தெரியாது" என்றேன்.

"நான் சொல்லிக்குடுத்துக்கிடுதேன்க்கா" என்றாள். வாயைத் திறந்து பேசாத பிள்ளை அது.

பிறகு அவரவர் நம்பரை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். மையத்தின் நம்பரை யாரும் கேட்கவில்லை. அது சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறதாம்.

நவம்பர் 12, புதன்

தேர்வு. எட்டரைக்கே போய்விட்டேன். கொட்டுகிற மழை. ஒருவரும் வரமாட்டார்கள் என்று ஆட்டோவில் போகும்போதே அம்மாவிடம் போனில் சொன்னேன்.

எழுத வேண்டிய பதினான்கு பேரும் வந்தார்கள். ஒருவன் மட்டும் கடைசி நிமிடத்தில், நனைந்த செருப்பு சளக் சளக் என்க, ஓடிவந்தான். ஜெரின்தான். "பைக் நின்னுபோச்சு" என்று மூச்சு வாங்கினான். ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் மாரிசெல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் எதற்கும் நான் தேவைப்படவில்லை. ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 27

தேர்வுகள் முடிந்தன. எல்லாத் தாளும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். சார் லட்டு வாங்கி வந்தார். இசக்கி வரவில்லை. நவம்பர் மூன்றுக்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

டிசம்பர் 16

மையத்தின் போன் இரண்டு வாரமாக அடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லக்கூட ஒரு தன்னார்வலரும் இல்லை. எனக்குத் தெரிந்ததுதான். பரீட்சை முடிந்தது, படமும் கிடையாது, இனி எதற்கு வருவார்கள்?

சாரிடம் சொன்னேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். அவருக்கு எப்போதும் அதுதான்.

ஜனவரி 20

மாரிசெல்வி மையத்தில் உட்கார்ந்து போனில் யாரோ பாடம் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண் குரல், 'நிலவொளி'யை 'நிலவொலி' என்றது. "ஒலி இல்ல, ஒளி. நாக்க மடிங்க" என்று திருத்தினாள். அண்ணனாக இருக்கும்.

பிப்ரவரி 21, சனி

ஃபர்ஹானா வந்தாள். சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. கடைசித் தேர்வை எழுதிய கையோடு, மார்ச் மாதமே போகிறாள்.

"நல்லது. போ. ஏப்ரல் பரீட்சைக்கு இசக்கி படியில உட்காரட்டும்."

"ஆள் இருக்குக்கா."

"யாரு?"

"அவர்கிட்டயே கேளுங்களேன்."

எழுந்தாள். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "வாப்பா எங்கிட்ட அப்பவே சொன்னாக. ஏச்சு வாங்கிக்கிட்டு அங்க எதுக்குப் போறன்னு. அந்த ஆடியோவ நான் போடலன்னு தெரிஞ்சப்புறமும் நீங்க ஒரு வார்த்த சொல்லலக்கா."

"காப்பி குடிக்கியா?" என்றேன்.

"நோன்புக்கா."

போய்விட்டாள். நோன்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடியக்காலை பள்ளிவாசல் மைக்கில் கேட்கிறதுதானே. வெறும் வயிற்றோடு மேலப்பாளையத்திலிருந்து வெயிலில் வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 9

சபையில் இரண்டு பெண்களைக் கெஞ்சிப் பேசி வைத்திருக்கிறேன், ஆள் வராவிட்டால் எழுத. ஒருத்திக்குச் சர்க்கரை. மூன்று மணி நேரம் தாங்குவாளா தெரியவில்லை.

இசக்கியிடம் கேட்கலாம் என்று நம்பரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

சபைப் பெண்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கல்லூரி வாசலிலேயே பேச்சுக் குரல்கள். நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடத் தொடங்கினேன். "வந்தாச்சு" "வந்தாச்சு" என்று இரண்டிரண்டு குரலாகப் பதில் வந்தது. பழைய ஆட்களில் மூன்று பேர் இல்லை. ஊர் மாறிப் போனவர்கள். அவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒவ்வொருவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டே போயிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்தே அந்த ஆட்களைப் பிள்ளைகள் பழக்கி வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் போனில் பாடம் வாசிப்பு நடக்கிறதாம். சண்டையும் நடக்கிறதாம். இது எதுவும் மையத்தின் போனுக்கு வரவில்லை.

மாரிசெல்வியின் போனில் கேட்ட அண்ணன், அண்ணன் இல்லை. அது ஜெரின்.

இசக்கியோடு நின்றவள் ஃபர்ஹானாவின் தங்கை சபீனா. அக்கா போலவே வேகமான பேச்சு. "எனக்கு ர, ற எல்லாம் தெரியும், பயப்படாதீங்க" என்று என்னிடம் சொன்னாள். கேட்டேனா நான்?

சபைப் பெண்களை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். போகலாம் என்றுதான் இருந்தேன். போகவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

தேர்வு முடிந்து எல்லோரும் போன பிறகு கோல் தட்டும் சத்தம் என் பக்கம் வந்தது.

"அக்கா."

"ம்."

"நல்லா எழுதியிருக்கேன்."

"சரி."

இன்னும் கிட்ட வந்தான். "ஜூன்ல புதுசா அஞ்சு பிள்ளைங்க சேருதாவளாம். ஆள் போதாது. நான் ஒரு பதிவு போடலாம்னு இருக்கேன். வீடியோவே வேண்டாம், என் கொரல் மட்டும். என்ன வேல, எத்தன நாளு, எவ்வளவு கை வலிக்கும்னு சொல்லப்போறேன். பாட்டு கீட்டு எதுவும் கிடையாது. மையத்தோட பேரச் சொல்லணும். போடட்டுமா?"

"போடேன். என்னை எதுக்குக் கேக்க?"

"கேக்கணும்லாக்கா" என்றான்.

காவலாளி கேட்டைச் சாத்தப் போவதாகக் குரல் கொடுத்தார். நான் எழுந்தேன். இசக்கி முழங்கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன். படி இறங்கினோம், அவன் கோல் முன்னால், என் கோல் பின்னால்.

"போடு" என்றேன். "அந்தப் பிள்ளை நம்பர் இருக்கா? சென்னையில இருக்கிறவ."

சொன்னான். சாயங்காலம் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலையில் இருப்பாள். நாளைக்கும் கூப்பிட வேண்டும்.